வருமானத்தில் ஐந்து மடங்கு, ஆயுளில் பின்னே

மத்திய அமெரிக்காவில், ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடலும் மறுபக்கம் கரீபியக் கடலும் நெருக்க, நடுவே மலையும் காடுமாக இருக்கும் சின்ன நாடு கோஸ்டாரிக்கா. பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர். மக்கள் 50 லட்சத்துக்குச் சற்று மேல். காப்பியும் வாழைப்பழமும் விற்றே நெடுங்காலம் பிழைத்த நாடு. இப்போது மருத்துவக் கருவிகளும் ஏற்றுமதி செய்கிறது. 2023ஆம் ஆண்டில் அங்கே தனிநபர் வருமானம் ஏறத்தாழ 17,000 டாலர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 82,000 டாலர். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

இந்த இரு நாடுகளில் மனிதர்கள் அதிக காலம் வாழ்வது எங்கே? ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சராசரி ஆயுட்காலம் கோஸ்டாரிக்காவில் 81 ஆண்டுகளை ஒட்டி இருக்கிறது; அமெரிக்காவில் 79ஐ ஒட்டி. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காதான் பத்து ஆண்டுகளுக்கு மேல் முந்தியிருந்தது. ஒரு தலைமுறைக் காலத்தில் அந்த இடைவெளி கரைந்து, பிறகு தலைகீழாகவும் ஆகிவிட்டது.

பணம் இருக்கும் இடத்தில் நல்ல சாப்பாடு, நல்ல வீடு, நல்ல மருத்துவம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அந்த நினைப்பு பெருமளவுக்குச் சரிதான். அப்படியிருக்க, ஐந்தில் ஒரு பங்கு வருமானத்தில் கூடுதல் ஆயுள் எப்படி வந்தது? இதற்கு விடை தேடினால், இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதும் புரியும்.

ஒரு டாலருக்கு என்ன கிடைக்கும்?

முதலில் அந்த ஐந்து மடங்கைச் சோதிப்போம். கோஸ்டாரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில் முடிவெட்டும் தொழிலாளியும் சிகாகோவில் முடிவெட்டும் தொழிலாளியும் செய்வது ஒரே வேலை. கத்தரிக்கோல் ஒன்றே, பிடிக்கும் நேரமும் ஒன்றே. ஆனால் கூலி ஒன்றில்லை. காரணம், சிகாகோக்காரர் முடிவெட்டுவதை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலைக்குப் போனால் அதிகம் சம்பாதிக்கலாம். அவரைக் கடையிலேயே இருக்கவைக்க அதற்கு ஈடான கூலி தர வேண்டும். கப்பலில் ஏறி உலகச் சந்தைக்குப் போகும் பொருட்களின் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். முடிவெட்டு, வீட்டு வாடகை, டாக்டர் ஃபீஸ் போன்றவை கப்பல் ஏறுவதில்லை. அதனால் கூலி குறைந்த நாட்டில் அவை மலிவாகவே கிடைக்கும். 1964இல் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியாக இதை விளக்கினார்கள்.

எனவே நாணய மாற்று விகிதத்தை மட்டும் வைத்து இரு நாட்டு வருமானங்களை ஒப்பிட்டால் ஏழை நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். இதைத் திருத்த, 1968இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் ஐ.நா.வும் சேர்ந்து ஒரு பெரும் வேலையைத் தொடங்கின. நாடு நாடாக அரிசி, சட்டை, பஸ் டிக்கெட், வாடகை என்று ஒரே தரமுள்ள பொருட்களின் விலையைத் திரட்டி, எந்த நாட்டுப் பணத்துக்கு உண்மையில் எவ்வளவு வாங்க முடியும் என்று கணக்கிடும் வேலை அது. அதில் கிடைப்பதுதான் ‘வாங்கும் திறன் சமநிலை’. அதன்படி பார்த்தால் அமெரிக்காவுக்கும் கோஸ்டாரிக்காவுக்கும் உள்ள இடைவெளி ஐந்து மடங்கிலிருந்து சுமார் மூன்று மடங்காகக் குறைகிறது.

மூன்று மடங்கும் பெரிய இடைவெளிதான். ஆனால் வருமானம் என்று எதைக் கூட்டுகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வருமானத்தை முதன்முதலில் முறையாகக் கணக்கிட்ட சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்திருந்தார்: இந்த எண்ணைப் பார்த்து ஒரு தேசத்தின் நலத்தை எடைபோடக் கூடாது. ஏனென்றால் செலவு எதுவானாலும் அது வருமானக் கணக்கில் ஏறும். அமெரிக்கா தன் உற்பத்தி மதிப்பில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. தலைக்கு ஆண்டுக்கு 13,000 டாலருக்கும் மேல். ஒரு கோஸ்டாரிக்கரின் சராசரி ஆண்டு வருமானத்தில் முக்கால் பங்குக்கும் மேலான ஒரு தொகை, ஓர் அமெரிக்கருக்கு மருத்துவச் செலவாகவே போகிறது. நோய் வந்து மருத்துவமனை பில் ஏறினால் தேசிய வருமானமும் ஏறும். நோயே வராமல் தடுத்தால் ஏறாது.

ஆயுளை எப்படி அளக்கிறார்கள்?

‘சராசரி ஆயுட்காலம் 81’ என்றால் இன்று பிறக்கும் குழந்தை 81 வயதுவரை இருக்கும் என்ற ஆரூடம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது உண்மையில் ஒரே ஓர் ஆண்டின் கணக்கு. அந்த ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு தாளில் ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறக்கவைத்து, முதல் வயதின் இறப்பு விகிதம், இரண்டாம் வயதின் இறப்பு விகிதம் என்று வரிசையாக அவர்கள்மேல் செலுத்துகிறார்கள். கடைசி மனிதர் இறக்கும்வரை அத்தனை பேரும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி, லட்சத்தால் வகுத்தால் வருவதுதான் சராசரி ஆயுட்காலம். அப்படி ஒரு கூட்டம் எங்கும் பிறந்ததில்லை, வாழ்ந்ததில்லை. ஆனால் ஒரு நாட்டில் அந்த ஆண்டு சாவு எந்தெந்த வயதில், எவ்வளவு வேகமாக வந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் எண் வேறில்லை.

அதனால்தான் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் சராசரி ஆயுள் 2019இல் இருந்த 78.8இலிருந்து 2021இல் 76.4ஆகச் சட்டென்று சரிந்து, பிறகு மீண்டது. உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் தலா இரண்டு ஆண்டுகளை இழந்துவிடவில்லை. அந்த ஆண்டுகளின் சாவுகள் அவ்வளவு கூடுதல். அதுபோலவே, 1950களில் கோஸ்டாரிக்காவின் சராசரி ஆயுள் 56, 57 என்று இருந்ததற்குப் பொருள், அங்கே பெரியவர்கள் அந்த வயதில் இறந்துபோனார்கள் என்பதில்லை. குழந்தைகள் ஏராளமாக இறந்தார்கள்; அது சராசரியைக் கீழே இழுத்தது.

வருமானத்தையும் ஆயுளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தவர் சாமுவேல் பிரஸ்டன் என்ற மக்கள்தொகை அறிஞர். 1975இல் அவர் வெளியிட்ட கோடு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. மிக ஏழை நாடுகளில் வருமானம் கொஞ்சம் கூடினாலே ஆயுள் மளமளவென்று ஏறுகிறது. ஓரளவு வசதி வந்தபின் கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. அவர் கண்ட இன்னொன்று இதைவிட வியப்பானது: கால ஓட்டத்தில் அந்தக் கோடே மேலே நகர்கிறது. அதாவது, 1930களில் ஒரு குறிப்பிட்ட வருமானத்தில் வாழ்ந்தவர்களைவிட, 1960களில் அதே வருமானத்தில் வாழ்ந்தவர்கள் நீண்ட நாள் இருந்தார்கள். தடுப்பூசி, சுத்தமான குடிநீர், கிருமிகளைப் பற்றிய அறிவு ஆகியவை பணக்கார நாடுகளில் பிறந்து ஏழை நாடுகளுக்கும் பரவியதன் பலன் அது. அமெரிக்க ஆய்வகங்கள் கண்டுபிடித்த எத்தனையோ மருந்துகள் கோஸ்டாரிக்கர்களின் ஆயுளையும் நீட்டியிருக்கின்றன.

வாசலுக்கு வரும் ஊழியர்

அறிவு எல்லா நாடுகளுக்கும் பரவியது. அதை எந்த நாடு எத்தனை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதில்தான் வேறுபாடு.

கோஸ்டாரிக்கா 1941இல் சமூகக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ‘காஹா’ என்று மக்கள் அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். கட்ட முடியாத ஏழைக்கு அரசே கட்டுகிறது. 1948இல் நடந்த சிறு உள்நாட்டுப் போருக்குப் பிறகு, வெற்றி பெற்ற ஹோசே ஃபிகேரஸ் தன் நாட்டின் ராணுவத்தையே கலைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி தலைநகரின் பெய்யாவிஸ்டா கோட்டைச் சுவரைச் சம்மட்டியால் அடித்து அவர் அதை அறிவித்தார். அந்தக் கோட்டை இன்று தேசிய அருங்காட்சியகம். நாட்டுக்கு அன்றிலிருந்து நிரந்தர ராணுவமும் இல்லை, ராணுவச் செலவும் இல்லை. மிச்சமான பணத்தை மருத்துவம் போன்றவற்றுக்குத் திருப்ப வழி பிறந்தது.

1970களில் கிராமச் சுகாதாரத் திட்டம் வந்தது. குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் என்று எளிய வேலைகள்தான். அவற்றை வீடு வீடாகச் செய்தார்கள். 1970ஐ ஒட்டி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 60க்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. 1980இல் அது 20 என்ற அளவுக்கு வந்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் குழந்தைச் சாவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இது உலக மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடக்காத ஒன்று.

1995இல் அடுத்த படி. நாட்டைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். நாலாயிரம், ஐயாயிரம் பேருக்கு ஒரு மருத்துவக் குழு: ஒரு டாக்டர், ஒரு செவிலியர், வீடுகளுக்குப் போய்வரும் ஒரு சுகாதார ஊழியர். மருத்துவ வசதி குறைந்த வட்டாரங்களில் முதலில் தொடங்கினார்கள். இன்று இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

அந்தச் சுகாதார ஊழியரின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தோளில் ஒரு பை. கையில் தடுப்பூசிக் குளிர்பெட்டி. தன் வட்டாரத்தின் ஒவ்வொரு வீடும் குறிக்கப்பட்ட வரைபடம் அவரிடம் இருக்கும். வீடுகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தனியாக இருக்கும் முதியவர், கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோயாளி, சிக்கலான கர்ப்பத்தில் இருக்கும் பெண் ஆகியோர் உள்ள வீடு முதல் வகை. அங்கே ஆண்டுக்கு மூன்று முறை போக வேண்டும். ஓரளவு ஆபத்து உள்ள வீட்டுக்கு இரண்டு முறை. எந்தக் குறையும் இல்லாத வீட்டுக்கும் ஒரு முறை கட்டாயம் போக வேண்டும். போனால் ரத்த அழுத்தம் பார்க்கிறார். தடுப்பூசி அட்டையைப் புரட்டுகிறார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்கிறார். கொல்லையில் கொசு முட்டையிடும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார். அத்தனையும் அந்தக் குடும்பத்தின் பதிவேட்டில் ஏறுகிறது.

ரத்த அழுத்தம் வலிக்காத நோய். வலிக்காததால் யாரும் தானாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து மாரடைப்போ பக்கவாதமோ வரும்போதுதான் தெரியும். அப்போது செய்யும் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தேவையானது மிகச் சாதாரணமான ஒரு கருவியும், வாசல்வரை நடந்துவரும் ஒரு மனிதரும்.

சராசரியைப் பிளந்தால்

2016இல் லூயிஸ் ரோஸெரோ பிக்ஸ்பி, வில்லியம் டோ என்ற இரு ஆய்வாளர்கள் இரு நாட்டு மக்களையும் கல்வி, வசதி ஆகியவற்றின்படி நான்கு அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்கு அடுக்கு இறப்பு விகிதத்தை ஒப்பிட்டார்கள். வசதி மிக்க மேல் அடுக்கில் அமெரிக்கர்களே கோஸ்டாரிக்கர்களைவிட நன்றாக இருக்கிறார்கள். கீழ் அடுக்குக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: ஏழை அமெரிக்கரின் இறப்பு விகிதம் ஏழைக் கோஸ்டாரிக்கரைவிட வெகு அதிகம். கோஸ்டாரிக்காவில் மேலிருந்து கீழே வரும் சரிவு மெல்லியது. அமெரிக்காவில் அது செங்குத்தானது. அதே ஆண்டில் ராஜ் செட்டியும் குழுவினரும் அமெரிக்க வரிக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், அந்நாட்டின் மிகப் பணக்கார ஒரு சதவீத ஆண்களுக்கும் மிக ஏழையான ஒரு சதவீத ஆண்களுக்கும் இடையே ஆயுளில் 14.6 ஆண்டுகள் வித்தியாசம் இருந்தது.

‘அப்படியானால் கோஸ்டாரிக்காவில் எல்லோருக்கும் ஏறக்குறைய சமமான வருமானம் போலும்’ என்று நினைத்தால் அது தவறு. வருமான ஏற்றத்தாழ்வு அமெரிக்காவைவிட அங்கேதான் அதிகம். சம்பளத்தில் இவ்வளவு பள்ளம் மேடு இருந்தும், சாவில் அது அமெரிக்கா அளவுக்குப் பிரதிபலிக்கவில்லை. எனக்கு இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு மனிதரின் பர்ஸின் கனம் அவருடைய ஆயுளைத் தீர்மானிப்பதை ஒரு நாடு பெருமளவுக்குத் தடுக்க முடியும். எல்லோரும் பணக்காரர்கள் ஆகும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாப் புகழையும் வீடு தேடிவரும் மருத்துவத்துக்கே கொடுத்துவிடவும் கூடாது. ரோஸெரோ பிக்ஸ்பி, டோ இருவரின் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய்ச் சாவு அமெரிக்க ஆண்களிடம் நான்கு மடங்கும் பெண்களிடம் ஆறு மடங்கும் அதிகமாக இருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கர்கள், பெண்கள் உட்பட, ஊதித் தள்ளிய சிகரெட்டின் விளைவு அது. கோஸ்டாரிக்கப் பெண்களிடம் அந்தப் பழக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. இதற்கு மேல் போதை மருந்து: 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் அளவுமீறிய போதை மருந்தால் இறந்தார்கள். நடு வயதில் நேரும் சாவு ஒவ்வொன்றும், சராசரிக்காகக் கூட்டும் மொத்த ஆண்டுகளிலிருந்து பல பத்தாண்டுகளைப் பறித்துக்கொள்கிறது.

எந்த நாடு மேல்?

ஆயுள் மட்டுமே வாழ்க்கைத் தரம் ஆகிவிடுமா? ஆகாது. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு 1990இல் உருவாக்கிய மனித வளர்ச்சிக் குறியீடு, ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கிறது. 2010 முதல் மூன்றையும் கூட்டி வகுக்காமல், பெருக்கி மூன்றாம் படிமூலம் எடுக்கிறார்கள். பரீட்சையில் கணக்கில் வாங்கிய நூறு தமிழில் ஃபெயிலானதைச் சரிக்கட்டாததுபோல, ஒன்றில் மிக மோசமான நாட்டை மற்றொன்றின் உயர்ந்த மதிப்பெண் எளிதில் காப்பாற்றாது. 2025 அறிக்கையில் இந்தக் குறியீட்டின்படி அமெரிக்கா 17ஆம் இடம். கோஸ்டாரிக்கா 62ஆம் இடம். காரணம் வருமானமும் கல்வியும். பெரியவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த சராசரி ஆண்டுகள் அமெரிக்காவில் 13க்கு மேல்; கோஸ்டாரிக்காவில் 9ஐ ஒட்டி.

இன்னும் ஓர் அளவுகோல், மக்களையே கேட்பது. பூச்சியத்திலிருந்து பத்துவரை படிகள் உள்ள ஓர் ஏணியை மனதில் வைத்துக்கொண்டு, உங்களால் எட்டக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை மேல் படி, மிக மோசமானது கீழ்ப் படி என்றால் நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை இந்த ஒரே கேள்வியில் நிற்கிறது. 2025 அறிக்கையில் கோஸ்டாரிக்கா 6ஆம் இடம். அமெரிக்கா 24ஆம் இடம்.

அளவுகோல் மாறினால் விடையும் மாறுகிறது. கோஸ்டாரிக்கா சொர்க்கமும் இல்லை. சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும் அறுவை சிகிச்சைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பட்டியல்கள் அங்கே உண்டு. போதைக் கடத்தல் கும்பல்களால் 2023இல் கொலைகள் அந்நாட்டு வரலாற்றிலேயே மிக அதிகமாயின. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் இன்றும் அமெரிக்காவில்தான் குறைவு. உயர்கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பெரிய சம்பளத்துக்கும் உலகமே அமெரிக்காவை நோக்கிப் போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆகவே ‘எந்த நாடு மேல்?’ என்ற கேள்வி அரைகுறையானது. ‘யாருக்கு, எதில்?’ என்றும் சேர்த்துக் கேட்டால்தான் முழுக் கேள்வி. மேல் அடுக்கில் பிறக்கப் போகிறவருக்கு அமெரிக்கா நல்ல இடம். கீழ் அடுக்கில் பிறக்கப் போகிறவர் நீண்ட நாள் வாழ விரும்பினால் கோஸ்டாரிக்கா நல்ல இடம்.

நமக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1985இல் இத்தாலியின் பெலாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு மாநாட்டைக் கூட்டியது. குறைந்த செலவில் நல்ல உடல்நலத்தை எட்டிய இடங்கள் என்று அங்கே ஆராயப்பட்டவை நான்கு: சீனா, கோஸ்டாரிக்கா, கேரளம், இலங்கை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே கேள்வியோடு மறுபடி ஓர் ஆய்வு நடந்தபோது, எடுத்துக்கொண்ட ஐந்து இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கோஸ்டாரிக்கச் சுகாதார ஊழியர் எந்த நோக்கத்தோடு வாசலேறுகிறாரோ, அதே நோக்கம்தான்.

ஆனால் இந்த முயற்சிகள் கீழ் அடுக்கின் ஆயுளை எவ்வளவு நீட்டின என்று அறிய, ரோஸெரோ பிக்ஸ்பி, டோ செய்த 2016 ஆய்வு போன்ற கணக்கு இங்கேயும் வேண்டும். கோஸ்டாரிக்காவில் அது முடிந்ததற்கு முக்கியக் காரணம், குடிமக்கள் அடையாள எண்ணும் இறப்புப் பதிவும் அங்கே ஒழுங்காக இருப்பது. இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் நான்கில் ஒன்றுக்குக்கூட மருத்துவர் சான்றளித்த காரணம் இல்லை. யார், எந்த வயதில், எதனால் இறந்தார் என்பதை ஒவ்வொரு சாவுக்கும் எழுதிவைப்பது பெரிய பணம் கேட்கும் வேலையில்லை. பொறுப்பைக் கேட்கும் வேலை. அதைச் செய்தால், அடுத்த முறை வளர்ச்சி விகிதமும் தனிநபர் வருமானமும் அறிவிக்கப்படும்போது, அதன் பக்கத்திலேயே இன்னோர் எண்ணையும் நாம் கேட்டுப் பெறலாம்: நம்மில் மிக ஏழையாக இருக்கும் கால்வாசிப் பேர் எத்தனை வயதுவரை வாழ்கிறார்கள், போன ஆண்டைவிட அது கூடியிருக்கிறதா?